இன்டர்வியூ எடுக்கத் தெரியுமா உங்களுக்கு?

தென்காசி பஸ் ஸ்டாண்டைச் சுத்தி நாலு தெரு நடந்தா, இன்டர்வியூவுக்குப் போறவனைத் தயார் பண்ற போர்டு வரிசையா கண்ணுல படும். ஸ்போக்கன் இங்கிலீஷ், பர்சனாலிட்டி டெவலப்மென்ட், பேங்க் கோச்சிங், டிஎன்பிஎஸ்சி... டை எப்படிக் கட்டணும், கதவை எப்படித் திறக்கணும், கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்தணும்ங்கிற வரைக்கும் சொல்லித்தர ஆள் இருக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேள்வி கேக்கப் போறவருக்குச் சொல்லித்தர ஒரு போர்டு? இந்த ஊர்லயும் நான் பாத்ததில்லை, சென்னையிலயும் பாத்ததில்லை. அவருக்கு அது பிறவி ஞானம்னு நினைச்சுக்கிட்டோம் போல.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஊர்ப் பிள்ளைங்க இன்டர்வியூவில் தோக்குறதுக்குப் பாதிக் காரணம் அவங்க தயாராகாதது. மீதிப் பாதி, எதிரே உக்காந்திருக்கிறவர் தயாராகாதது. முதல் பாதிக்கு ஊரெல்லாம் மருந்து விக்கிறாங்க. ரெண்டாவது பாதியைப் பத்தி யாரும் வாயைத் திறக்கிறதில்லை. இதைப் படிக்கிற மக்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்க. இன்னைக்கு இல்லேன்னாலும் நாளைக்கு, நீங்க மும்முரமா ஆணி பிடுங்கிட்டு இருக்கும்போது உங்க மேனேஜர் வந்து நிப்பார். "ஒரு அரை மணி நேரம் இருக்குமா? ஒரு கேண்டிடேட் வந்திருக்கான், பாத்துடுங்களேன்." ரெஸ்யூமை லிஃப்ட்ல போகும்போது படிச்சுக்கிட்டே போவீங்க. அதனாலதான் இதைக் கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையில் நான் வேலை பாத்த ஒரு கம்பெனியில் (பேர் வேண்டாமே) கணக்கு சாஃப்ட்வேர் ஒண்ணுக்கு டெஸ்டிங் ஆள் எடுத்தாங்க. பேனலில் மூணு பேர். நான்தான் மூணாவது, அதாவது கடைக்குட்டி. பாவூர்சத்திரம் பக்கத்துலேர்ந்து ஒரு பையன் வந்திருந்தான். முந்தின நாள் சாயந்திரம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எக்மோர் ஸ்டேஷன்லயே குளிச்சு, சட்டை மாத்திட்டு நேரா வந்தவன். தலை இன்னும் ஈரமா இருந்துச்சு.

முதல் கேள்வி, உலகத்துக்கே தெரிஞ்ச கேள்வி: "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." பையன் கண்ணை லேசா மேல தூக்கி ஆரம்பிச்சான். "மை ஸ்ட்ரெங்த் ஈஸ் ஹார்ட் ஒர்க்" வரைக்கும் வந்தாச்சு. நடுவுல எங்க பெரியவர் ஒருத்தர் ஏதோ கேட்டார். அவ்வளவுதான், விட்ட இடம் மறந்து போச்சு. மனப்பாடச் செய்யுள்ல நடுவரி மறந்தா என்ன பண்ணுவோம்? மறுபடி முதல் வரியிலேர்ந்து ஆரம்பிச்சான். அடுத்து, அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை எங்கே பாக்கறேன்னு கேட்டாங்க. பதில் இல்லை. (எனக்கே இன்னைக்கு வரைக்கும் அதுக்குப் பதில் தெரியாது.)

ரெஸ்யூம்ல கடைசியில் சின்ன எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. காய்கறி கமிஷன் கடையில் பகுதி நேர வேலை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டைத் தெரியாதவங்களுக்கு: சுத்துப்பட்டு விவசாயிங்க காய்கறி முழுக்க அங்கேதான் வந்து இறங்கும், அங்கேர்ந்து கேரளாவுக்கு வண்டி வண்டியாப் போகும். நான் தமிழ்லயே கேட்டேன். "கமிஷன் கடையில என்ன வேலை தம்பி?"

"சிட்டை எழுதுவேன் சார்."

"எப்படி எழுதுவ? சொல்லேன்."

"காலைல வெவசாயிக சரக்கு கொண்டாருவாக சார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிட்டை. எடை, ரேட்டு, அதுல கமிஷன், எறக்குக் கூலி கழிச்சு மிச்சம். அந்தப் பக்கம் வாங்குதவுகளுக்கு ஒரு நோட்டு, கேரளா வண்டிக்குத் தனி நோட்டு. சாயங்காலம் ரெண்டு பக்கமும் கூட்டுவேன். வந்த எடையும் போன எடையும் ஒத்து வரணும். ஆனா வராது சார்."

"ஏன் வராது?"

"தக்காளின்னா அழுகல் கழியும். கீரைன்னா காயும். எதுல எவ்வளவு கொறையலாம்னு ஒரு கணக்கு இருக்கு சார். அதுக்கு உள்ள இருந்தா விட்டுருவோம். அதுக்கு மேல போச்சுன்னா எங்கியோ தப்பு. மொதல்ல ஏழையும் ஒண்ணையும் பாப்பேன். எங்க மொதலாளி போடுத ஏழு ஒண்ணு மாதிரியே இருக்கும். அதுலயும் கெடைக்கலைன்னா அன்னிக்கு ரேட்டு மாறுன நேரத்துக்கு முன்னயும் பின்னயும் உள்ள சிட்டையைப் பாப்பேன். தப்பு அங்கதான் ஒக்காந்திருக்கும்."

பத்து நிமிஷம் பேசினான். எந்த அளவு வித்தியாசத்தை விட்டுடலாம், எந்த அளவுக்கு மேல தேடணும், தேடுறதா இருந்தா தப்பு எங்கே ஒளிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஐயா, இதைத்தானே நாம டெஸ்டிங்ங்கிறோம்! கணக்கு சாஃப்ட்வேருக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு ஆள் எங்கே கிடைப்பான்?

கிடைச்சவனை எடுக்கலை. ஃபார்ம்ல "கம்யூனிகேஷன்"னு ஒரு கட்டம். பெரியவங்க ரெண்டு பேரும் அதில் அஞ்சுக்கு ஒண்ணு போட்டாங்க. "நாளைக்குக் க்ளையன்ட் கால்ல இவன் எப்படிப் பேசுவான்?" அந்த வேலையில் முதல் ரெண்டு வருஷத்துக்குக் க்ளையன்ட் கால் கிடையவே கிடையாது. சொன்னேன். என்னோட மார்க் சராசரியில் கரைஞ்சு போச்சு. அடுத்து வந்த பையனோட முதல் அஞ்சு நிமிஷமும் ஐபிஎல் பேச்சு. சிரிப்பும் கும்மாளமுமா போச்சு. அவனை எடுத்தாங்க. அவன் மோசமான பையன்னு நான் சொல்லலை, பின்னால நல்லாத்தான் வேலை பாத்தான். என் கேள்வி வேற. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வியை நாங்க கேக்கவே இல்லையே? ஒருத்தனுக்கு அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் என்ன, இன்னொருத்தனுக்கு நேத்து ராத்திரி மேட்ச். ரெண்டு பேருக்கும் வேற வேற வினாத்தாள் கொடுத்துட்டு மார்க்கை ஒப்பிட்டா, பத்தாம் கிளாஸ் பரீட்சையில் ஊரே கொதிக்கும். வேலைக்கு ஆள் எடுக்கிறதுல மட்டும் அது சகஜம்.

இது என் ஒருத்தன் புலம்பல் இல்லைங்க. இதை நூறு வருஷமா அளந்துக்கிட்டு இருக்காங்க. 1998-ல் ஷ்மிட், ஹன்டர்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அதுவரைக்கும் வந்த 85 வருஷத்து ஆய்வுகளைத் திரட்டி ஒரு கட்டுரை போட்டாங்க. ஆள் எடுக்கும்போது போட்ட மார்க்குக்கும், அந்த ஆள் பின்னால வேலை பாத்த லட்சணத்துக்கும் எவ்வளவு சம்பந்தம்னு ஒரு எண். 0 வந்தா பூவா தலையா போட்ட கதை, 1 வந்தா ஜோசியம் அப்படியே பலிச்ச கதை. வாய்க்கு வந்ததைக் கேக்கிற இன்டர்வியூவுக்கு 0.38. எல்லாருக்கும் ஒரே கேள்விகளை முன்கூட்டியே எழுதி வச்சு, ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் போடுற இன்டர்வியூவுக்கு 0.51. எத்தனை வருஷம் படிச்சான்ங்கிறதுக்கு வெறும் 0.10.

2022-ல் சாக்கெட்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் அந்தக் கணக்குலயே ஓட்டை இருக்குன்னு மறுபடி போட்டாங்க. பெரும்பாலான எண்கள் இறங்கிடுச்சு. ஆனா வரிசையைப் பாருங்க. எழுதி வச்ச கேள்வி இன்டர்வியூ 0.42, அவங்க பட்டியல்லயே அதுதான் முதலிடம். வாய்க்கு வந்த இன்டர்வியூ 0.19. முன்னே ஒண்ணரை மடங்கு கூட இல்லாத வித்தியாசம் இப்போ ரெண்டு மடங்குக்கு மேல. நம்ம கம்பெனிகள்ல பெரும்பாலும் நடக்கிறது இந்த 0.19 சமாச்சாரம்தான். அதுக்குத்தான் பையன் ராத்திரி முழுக்க ரயில்ல உக்காந்து வர்றான்.

டேனியல் கானமன் கதை இன்னும் சுவாரசியம். 2002-ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவர், 2024-ல் காலமானார். 1950-கள்ல, அவருக்கு இருபத்தோரு இருபத்திரண்டு வயசு இருக்கும்போது, இஸ்ரேல் ராணுவத்துல ஆள் எடுக்கிற இன்டர்வியூவைச் சீர்பண்ணச் சொன்னாங்க. அதுவரைக்கும் அரட்டை மாதிரி பேசி, "இவன் தேறுவான், தேறமாட்டான்"னு மனசுல பட்டதை எழுதிக்கிட்டு இருந்தாங்க. கானமன் ஆறு குணங்களைப் பிரிச்சார். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கேள்விகள், கேள்வி எல்லாம் நடந்த விஷயங்களைப் பத்தி. ஒண்ணுக்கு மார்க் போட்டு முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். கேள்வி கேக்கிற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஒரே கோபம். எங்களை மெஷின் ஆக்கிட்டியேன்னு சண்டை. சரி, கடைசியா கண்ணை மூடி அந்த ஆளை ஒரு சிப்பாயா நினைச்சுப் பாத்து உங்க மனசுல படுறதுக்கும் ஒரு மார்க் போட்டுக்கோங்கன்னு சமாதானம் பண்ணினார். பின்னால சோதிச்சா, ஆறு மார்க்கோட கூட்டுத்தொகை பழைய முறையைவிட ரொம்ப நல்லா பலிச்சிருந்துச்சு. வேடிக்கை என்னன்னா, கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலிச்சிருந்துச்சு. அதாவது மனசு சொல்றதைக் கேக்கலாம், தப்பில்லை. ஆனா கடைசியில் கேக்கணும். நாம முதல் ரெண்டு நிமிஷத்துலயே கேட்டு முடிச்சுட்டு, மீதி நேரம் அதுக்கு சாட்சி தேடிக்கிட்டு இருக்கோம்.

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 1980 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டுல அஜய் ஹாசியா வழக்குன்னு ஒரு தீர்ப்பு. வேலை இல்லை, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், வாய்மொழித் தேர்வுக்கு 50. உள்ளே போன பிள்ளைங்ககிட்ட ரெண்டு மூணு நிமிஷம் பேசி அனுப்பிட்டாங்க. அப்பா யாரு, எந்த ஊருங்கிற மாதிரிக் கேள்விகள்தான். அதுக்குப் போட்ட மார்க்ல எழுத்துத் தேர்வுல பின்தங்கினவன் முன்னே வந்துட்டான். மொத்தத்துல 15 சதவீதத்துக்கு மேல வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்கக் கூடாது, முடிஞ்சா இன்டர்வியூவை டேப்புல பதிவு பண்ணுங்கன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ்ல இன்னைக்கும் 2025 மார்க்குல 275 தான் நேர்முகத்துக்கு. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு, கீழ்மட்டப் பணிகளுக்கு இன்டர்வியூவையே தூக்கிடுச்சு. கெசட் பதிவு இல்லாத குரூப் பி-யும் குரூப் சி-யும் அதில் அடக்கம். காரணம் ஊரறிஞ்சது. அந்த அறைக்குள்ள நடக்கிறதை யாரும் நம்பலை. சிபாரிசு, கவர், அண்ணாச்சி சொல்லிட்டாரு... தூக்கினது நல்லதுன்னுதான் நான் சொல்வேன். தனியார்ல அப்படித் தூக்க முடியாது, தூக்கவும் வேண்டாம். ஒழுங்கா நடத்தினாப் போதும்.

அந்த "அப்பா யாரு, எந்த ஊரு" மட்டும் நம்மை விட்டுப் போகவே இல்லை பாருங்க. தென்காசி பக்கத்துப் பொண்ணுங்ககிட்ட "அம்மா என்ன பண்றாங்க?"ன்னு கேட்டா "ஹவுஸ் வைஃப்"ம்பாங்க. அந்த அம்மா காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் மடியில் முறத்தை வச்சுக்கிட்டு பீடி சுத்துவாங்க. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு. பொண்ணும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இலை வெட்டி, கட்டுப் போட்டு, கணக்குப் பாத்துக் கொடுத்திருப்பா. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர்னு எந்தப் பக்கம் போனாலும் இது உண்டு. "ஹவுஸ் வைஃப்"னு பயோடேட்டாவுல போடச் சொல்லிக் கொடுத்தது யாருன்னு தெரியலை. அந்தக் கேள்வியால அந்த வேலைக்கு என்ன தெரிஞ்சுக்கப் போறோம்? ஒண்ணும் இல்லை. அப்புறம் ஏன் கேக்கணும்? "கல்யாணம் எப்போ?", "வீட்ல ராத்திரி ஷிஃப்டுக்கு விடுவாங்களா?" இதெல்லாம் பையன்கிட்ட கேக்காத கேள்வி. பையன்கிட்ட கேக்காததைப் பொண்ணுகிட்டயும் கேக்காதீங்க. ராத்திரி ஷிஃப்ட் உண்டுன்னா எல்லாருக்கும் ஒரே வரியில் சொல்லுங்க. "இந்த வேலையில் மாசம் இத்தனை நாள் ராத்திரி ஷிஃப்ட் இருக்கு, சம்மதமா?" முடிஞ்சுது.

ஆளைப் பாத்ததும் எடை போடுறதைப் பத்தி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆய்குடி ஞாபகம் வரும். தென்காசிக்குப் பக்கத்து ஊர்தான். அமர் சேவா சங்கத்தை 1981-ல் அங்கே தொடங்கின எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கு பெங்களூர் போன பொறியியல் மாணவர். உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து போச்சு. ஒரு தேர்வுல தொடங்கின அந்த வாழ்க்கை, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மாற்றுத்திறனாளிகளுக்கான இவ்வளவு பெரிய நிறுவனத்தைக் கட்டினதுல வந்து நிக்குது. 2020-ல் பத்மஸ்ரீ. மாற்றுத்திறனாளி ஒருத்தர் இன்டர்வியூவுக்கு வர்றார்னா, "உங்களால முடியுமா?"ன்னு இழுக்கிறதை விட்டுட்டு, "உங்களுக்கு என்ன ஏற்பாடு வேணும்?"னு முந்தின நாளே போன்ல கேளுங்க. லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியில் இன்டர்வியூவை வச்சுக்கிட்டு சமவாய்ப்பு பேசாதீங்க.

தென்காசியில் இருந்துக்கிட்டு இன்டர்வியூவைப் பத்தி எழுதிட்டு ஜோஹோவைச் சொல்லாம போனா ஊர்க்காரங்க சும்மா விடமாட்டாங்க. (எனக்கு அங்கே வேலையும் இல்லை, பங்கும் இல்லை. இது விளம்பரமும் இல்லை.) 2011-ல் தென்காசியில் ஆபீஸ் போட்டாங்க. பின்னால மத்தளம்பாறை. கடையம் ரோட்டுல போனா மலையடிவாரத்துல கண்ணாடியும் கான்கிரீட்டுமா நிக்கும். ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அந்த ஊருக்கே குடி வந்துட்டார். எல்லாரும் பேசுறது அவர் வேட்டியையும் சைக்கிளையும் பத்தி. எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது, அதுக்கும் முன்னால, கம்பெனி அட்வென்ட்நெட்னு இருந்த காலத்துல, 2004-05 வாக்குல ஆரம்பிச்ச அவங்க பள்ளி. பிளஸ் டூ, டிப்ளமா முடிச்ச பிள்ளைங்களைத் தேர்வு வச்சு எடுத்து, ஃபீஸ் வாங்காம, மாசாமாசம் உதவித்தொகையும் கொடுத்து, ரெண்டு வருஷம் சொல்லிக் கொடுத்து வேலையில் வைக்கிறது. காலேஜ் மார்க்குக்கும் வேலைத் திறமைக்கும் பெரிசா சம்பந்தம் இல்லைன்னு தன் ஆட்களைப் பாத்தே கண்டுபிடிச்சதா வேம்பு பல இடத்துல சொல்லியிருக்கார். மேலே சொன்ன 0.10 ஞாபகம் இருக்கா?

டிகிரியைப் பாக்க மாட்டேன்னு முடிவு பண்ணினா ஒரு நல்ல சங்கடம் வரும். வேற எதையாவது பாத்தே ஆகணும். புரோகிராமர் வேலைக்கு அவங்க வைக்கிற சுற்றுகள் ரொம்பப் பிரபலம். சின்னச் சின்ன புரோகிராம்ல ஆரம்பிச்சு, மூணாவது சுற்றுல கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சு ரயில் டிக்கெட் புக்கிங், கால் டாக்ஸி புக்கிங் மாதிரி ஒண்ணை எழுதச் சொல்வாங்க. செய்யப் போற வேலையோட ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, செய்டான்னு சொல்றது. ஊர்ல சமையலுக்கு ஆள் வச்சா, ஒரு வேளை சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுப் பாத்துட்டுத்தானே வைக்கிறோம்?

இதுக்கும் நம்மாளுங்க வழி கண்டுபிடிச்சுட்டாங்கங்கிறது வேற கதை. டாக்ஸி புக்கிங் புரோகிராமை அப்படியே உருப்போட்டுட்டு வர்ற பிள்ளைங்க உண்டு. இப்போ சாட்ஜிபிடியும் வந்தாச்சு. ஆன்லைன் இன்டர்வியூவில் கண்ணு ஸ்க்ரீனோட ஓரத்துக்கு ஓடுறதைப் பாத்தாலே தெரியும். இதுக்கு நான் பண்ற வைத்தியம் ரொம்ப எளிசு. எழுதி முடிச்சதும் ஒண்ணை மாத்தச் சொல்வேன். "சரி தம்பி, ஒரே டாக்ஸியில் ரெண்டு பேர் பங்கு போட்டுப் போகலாம்னா இதுல எங்கெங்க கை வைக்கணும்?" உருப்போட்டவன் மறுபடி முதல் வரிக்கே போவான். எழுதினவன் நேரா அந்த வரிக்குப் போவான். போனவன் தப்பு பண்ணினாலும் பரவாயில்லை, கூட உக்காந்து பேசலாம்.

இப்போ நான் பேனல்ல உக்காந்தா செய்யறது இவ்வளவுதான். முந்தின நாள் ராத்திரி, இந்த வேலையில் ஒருத்தன் தினமும் என்ன செய்வான்னு அரைப் பக்கம் எழுதிக்குவேன். அதிலேர்ந்து அஞ்சாறு கேள்வி. எல்லாருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. "நீங்க எப்படிச் செய்வீங்க?"ன்னு கேட்டா கதை விடுவாங்க. "கடைசியா எப்போ செஞ்சீங்க? அன்னைக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டாத்தான் சிட்டையும் ஏழும் ஒண்ணும் வெளியே வரும். ஒவ்வொரு பதிலுக்கும் அப்பப்போவே மார்க். பேனல்ல மூணு பேரும் தனித்தனியா எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பெரியவர் முதல்ல கருத்து சொல்லிட்டா மத்த ரெண்டு பேனாவும் அந்தப் பக்கமே சாயும். அதை நேர்ல பாத்திருக்கேனே.

முதல் அஞ்சு நிமிஷத்துக்கு மார்க்கே கிடையாது. குற்றாலத்துல சீசன் நேரம் மெயினருவியில் வெளியூர்க்காரங்க குளிக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? நேரா போய்த் தலையைக் கொடுப்பாங்க. மூச்சு முட்டும், கண்ணு தெரியாது, "ஐயோ அம்மா"ன்னு வெளியே ஓடி வருவாங்க. ஊர்க்காரன் பாறையோட ஒட்டி நின்னு, முதல்ல தோளைக் கொடுத்து, அப்புறமா உள்ளே போவான். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நீங்க போலீஸை விட்டுத்தான் இழுக்கணும். இன்டர்வியூவும் அதுதான். பொதிகையில் வந்தீங்களா, சாப்பிட்டீங்களா, ஆபீஸைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டீங்களான்னு கொஞ்ச நேரம் போகட்டும். தமிழ்லயே போகட்டும்.

"அப்போ இங்கிலீஷே வேண்டாமா?"ன்னு சண்டைக்கு வருவீங்க, தெரியும். வேணும். வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வேணும், அதைத் தனியா அளக்கணும். ஒரு சாஃப்ட்வேர் தப்பைக் காட்டி, "இதைப் பத்தி டெவலப்பருக்கு அஞ்சு வரி மெயில் எழுது"ன்னு கொடுங்க. கிராமர் கொஞ்சம் நொண்டினாலும், படிச்சவனுக்கு விஷயம் புரிஞ்சா பாஸ். அதை விட்டுட்டு, யோசிக்கிறதையும் இங்கிலீஷையும் ஒரே மூச்சுல செய்யச் சொல்லிட்டு, திக்கினா "யோசிக்கத் தெரியலை"ன்னு எழுதறது அநியாயம்.

மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காரப் போற உங்க தம்பி தங்கச்சிக்கு, அக்கா மகனுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நீ உண்மையிலேயே செஞ்ச விஷயம் மூணு எடுத்துக்கோ. காலேஜ் புராஜெக்ட்டா இருக்கணும்னு கூட இல்லை. அப்பா கடைக் கணக்கு, கோயில் கொடைக்கு வசூல் நோட்டு, கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்தினது, எதுவானாலும் சரி. ஒவ்வொண்ணையும் என்ன பிரச்சினை, நீ என்ன செஞ்ச, எவ்வளவு, கடைசியில் என்ன ஆச்சுன்னு வாய்விட்டுச் சொல்லிப் பழகு. முதல்ல தமிழ்ல, அப்புறம் தெரிஞ்ச இங்கிலீஷ்ல. உருப்போடாதே, ஒவ்வொரு தடவையும் வார்த்தை மாறட்டும். ரெஸ்யூம்ல "சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைதான்"னு ரயில் பெட்டி மாதிரி கோக்காதே. நீ போட்ட ஒவ்வொரு பெட்டிக்கும் டிக்கெட் பரிசோதகர் வருவார். தெரியாததை "தெரியாது சார், ஆனா இப்படிக் கண்டுபிடிச்சிருப்பேன்"னு சொல்லு. கம்பெனி என்ன விக்குதுன்னு முந்தின நாளே பாத்து வச்சுக்கோ. கடைசியில் "ஏதாவது கேக்கணுமா?"ன்னா "இல்லை சார்"னு எந்திரிக்காதே. முதல் ஆறு மாசம் நான் என்ன வேலை செய்வேன், யார் சொல்லித் தருவாங்கன்னு கேளு. அந்தக் கேள்விக்கு அவங்க முழிச்சாங்கன்னா உனக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சு போச்சு :-)

பேனல்காரங்களுக்கு ஒண்ணே ஒண்ணு பாக்கி. "வி வில் கெட் பேக் டு யூ"ன்னு சொல்லி அனுப்புறோமே, அதோட அர்த்தம் தென்காசியில் யாருக்கும் தெரியாது. அங்கே அதை வாக்குன்னு எடுத்துக்குவாங்க. பையன் வேற வேலைக்கு மனு போடாம ஒரு மாசம் போனையே பாத்துக்கிட்டு இருப்பான். வீட்டுல தெருவுக்கே சொல்லியிருப்பாங்க. எந்தத் தேதிக்குள்ள சொல்வோம்னு அங்கேயே சொல்லுங்க. இல்லைன்னா "இல்லை"ன்னு அந்தத் தேதிக்குள்ள ஒரு வரி மெசேஜ் போடுங்க. முடிஞ்சா என்ன குறைஞ்சுதுன்னு இன்னொரு வரி.

பி.கு.: ஊர்ல சுத்திக்கிட்டு இருக்கிற "சென்னையில் எம்என்சி வேலை, டெபாசிட் மட்டும் கட்டுங்க" கோஷ்டியைப் பத்தி. வேலை கொடுக்கிறவன் உங்ககிட்ட பணம் கேக்க மாட்டான், கேட்டா அங்கேயே எந்திரிச்சு வந்துடச் சொல்லுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபாக்கக் காட்டலாம். கையில் கொடுத்துட்டு வரக் கூடாது.